தலைக்கு மேல் ஒரு ஆள்

ஹூஸ்டன்
14 ஜனவரி 1996

அன்புள்ள அல்டோனா அக்காவுக்கு,

கிறிஸ்துமஸ் அன்று நீ போனை வைத்த சத்தம் இன்னும் காதிலேயே இருக்கிறது. திரும்பக் கூப்பிட்டால் எடுக்க மாட்டாய், அதனால் எழுதுகிறேன். கடிதத்தைக் கோபத்தில் தூக்கிப் போட்டாலும் கொஞ்ச நேரம் கழித்து எடுத்துப் படித்துவிடுவாய். உன்னை எனக்குத் தெரியும்.

விஷயம் அதேதான். கட்டடம் கட்டுகிற கீட்டிங் மறுபடியும் கேட்டிருக்கிறார். எமரால்ட் அவென்யூவில் இருக்கும் நம் வீட்டை வாங்கி இடித்துவிட்டு, ஒரே குடும்பம் இருக்கிற மாதிரி ஒரு பெரிய வீடு கட்டப்போகிறாராம். சிகாகோவில் இப்போது அதுதான் நடக்கிறது. வீடு நம் இருவர் பேரிலும் இருப்பதால் உன் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் ஆகாது. மே மாதக் கடைசி வரை பொறுத்திருப்பாராம்.

தயவுசெய்து நிதானமாக யோசி. உனக்கு வயது அறுபத்தேழு. வலது முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. தெருவிலிருந்து உன் வாசலுக்கு வரவே படி ஏற வேண்டும். துணி துவைக்க நிலவறைக்கு இறங்க வேண்டும். மாடி பூட்டிக் கிடக்கிறது. ஒற்றை ஆளுக்கு இரண்டடுக்கு வீடு எதற்கு?

இங்கே என் வீட்டைப் பார். ஒரே தளம், ஒரு படி கிடையாது. காரை விட்டு இறங்கினால் நேராகச் சமையலறை. நாலு பக்கமும் புல். பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால்கூடக் கேட்காது.

இந்த வருஷம் கம்பெனி என்னை ஊர் ஊராக அனுப்புகிறது. பழைய வீடுகளைச் சுற்றிப் பார்த்து, இதற்குக் காப்பீடு கொடுக்கலாமா வேண்டாமா என்று எழுதித் தருகிற அதே வேலைதான். போகிற ஊரிலெல்லாம் உனக்குத் தோதான வீடு ஒன்றைப் பார்த்து எழுதுகிறேன். பிடித்ததைச் சொல். வேறெங்கும் வேண்டாம் என்றால் என் தெருவிலேயே ஒன்று காலியாக இருக்கிறது.

தம்பி
புரூனோ

—

சிகாகோ
29 ஜனவரி 1996

புரூனோ,

கடிதத்தைத் தூக்கிப் போடவில்லை. ரொட்டி டப்பாவின் அடியில் வைத்துவிட்டு இரண்டு நாள் கழித்துத்தான் படித்தேன்.

உன் கீட்டிங் நேரிலேயே வந்தார். பனி ஒட்டிய பூட்ஸோடு என் சமையலறையில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்தார். "அம்மா, இது ரொம்பப் பழைய வீடுங்க" என்றார். "நானுந்தான் பழசு, என்னையும் இடிச்சிருவீங்களா?" என்றேன். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நல்ல காப்பி, வீணாகப் போயிற்று.

ஒற்றை ஆளுக்கு எதற்கு இரண்டடுக்கு என்று கேட்கிறாய். யார் என்னை ஒற்றை ஆளாக்கினது? லொரைனை அடக்கம் செய்த ஈரம் காயுமுன் மாடியைப் பூட்டிக்கொண்டு டெக்ஸாசுக்கு ஓடினது யார்? பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன், நாலு மாசத்தில் திரும்பி வருவான் என்று இருந்தேன். இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இப்போது வீட்டை விற்கலாம் என்கிறாய்.

இந்த வீட்டைப் பற்றி எனக்கு நீ சொல்லித்தர வேண்டியதில்லை. அப்பா வாங்கும்போது அம்மாவிடம் என்ன சொன்னார்? "கீழ நாம இருப்போம், மேல பிள்ளைங்க இருக்கட்டும். ஒரே வீடு, ரெண்டு கதவு, சண்டை வந்தா சாத்திக்கலாம்." இந்தப் பிரிட்ஜ்போர்ட் பேட்டையில் நம் லித்துவேனியாக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் வாங்கினார்கள். கீழே எந்த இடத்தில் என்ன அறையோ மேலேயும் அதே இடத்தில் அதே அறை. என் தலைக்கு மேல் யார் எங்கே நிற்கிறார்கள் என்று படுத்தபடியே சொல்வேன். நாற்பது வருஷம் அப்படித் தூங்கினவள். இப்போது மேலே ஒரு சத்தமும் இல்லை. எனக்குத் தூக்கம் வருவதில்லை, போதுமா?

ஆனாலும் நீ பார்க்கிற வீட்டை எழுது. இதைவிட நல்ல வீடு ஒன்று காட்டிவிட்டால் கையெழுத்துப் போடுகிறேன். எது நல்லது என்று நான்தான் சொல்வேன்.

போன வாரம் பனி இடுப்பளவு. வாசலுக்கு நேரே தெருவில் பனியை வாரி ஒரு காருக்கு இடம் ஒதுக்கி, யாரும் நிறுத்திவிடாமல் இருக்க வழக்கம்போலச் சமையலறை நாற்காலியைப் போட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டு ஒஃபேலியா சிரிக்கிறாள். "உங்ககிட்டதான் காரே இல்லியே அல்டோனா, யாருக்கு இடம் புடிக்கிறீங்க?" சும்மாதான் என்றேன்.

அல்டோனா

—

ஃபிலடெல்ஃபியா
18 பிப்ரவரி 1996

அன்புள்ள அக்கா,

முதல் வீடு. தெற்கு ஃபிலடெல்ஃபியாவில், நல்ல தெருவில், வரிசை வீடு. இங்கே தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே சுவராக வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. வலது பக்கச் சுவர் பாதி அவர்களுடையது, இடது பக்கச் சுவர் பாதி இவர்களுடையது. அதனால் குளிர் முன்னாலும் பின்னாலும் மட்டுந்தான் நுழையும். சூடேற்ற அதிகம் ஆகாது.

முழுக்க நிஜச் செங்கல். என் ஹூஸ்டன் வீட்டில் செங்கல் வெளியே ஒட்டவைத்த தோல்தான், உள்ளே வெறும் மரச்சட்டம். இது அப்படியில்லை, சுவர்தான் வீட்டைத் தாங்குகிறது. வாசலில் மூன்றே படி, வெள்ளைப் பளிங்கு. பக்கத்து வீட்டுப் பெண் அதை வாளித் தண்ணீர் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். உன்னைப் போலத்தான், இரண்டாவது படியில் ஒரு கறை போகவில்லை என்று திட்டிக்கொண்டே தேய்த்தாள். உனக்குப் பேச்சுத்துணைக்குக் குறைவிருக்காது. மாதா கோயிலும் ரொட்டிக் கடையும் நடக்கிற தூரம்.

ஹூஸ்டனில் என் தெருவில் எல்லார் வீட்டிலும் தெருவைப் பார்த்து இருப்பது கார் கொட்டகைக் கதவு. அண்டை வீட்டாரின் முகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை, கார்களைத்தான் தெரியும். இங்கே உனக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

முழங்கால் எப்படி இருக்கிறது?

புரூனோ

—

சிகாகோ
3 மார்ச் 1996

புரூனோ,

வாசலில் மூன்று படி என்று பெருமையாக எழுதினாய். உள்ளே எத்தனை என்று எழுதவில்லை. நம் ஸ்டெல்லா சித்தியின் மகள் அந்த ஊரில்தான் வாழ்க்கைப்பட்டாள், மறந்துவிட்டாயா? அந்த வீட்டில் சமையலறை கீழே, கழிப்பறை மேலே, நடுவில் ஏணி மாதிரி ஒரு படிக்கட்டு. சூப் அடுப்பில் இருக்கும்போது எனக்கு அவசரம் என்றால் என்ன ஆகும், வீடு பார்க்கிற நிபுணரே?

பக்கவாட்டுச் சுவருக்கு அப்பால் ஆள் இருக்கிறது என்கிறாய். இருக்கட்டும். அவர்கள் சுவருக்கு அப்பால் இருக்கிறவர்கள், அவ்வளவுதான். தலைக்கு மேல் இருக்கிற ஆள் நம்ம ஆள். வித்தியாசம் தெரியாதா உனக்கு?

அது போகட்டும். ஒரு சங்கதி நடந்தது. என் சமையலறைக் கூரையில் ஒரு கறை தெரிந்தது. முதல் நாள் தட்டு அளவு, மறுநாள் அகல வாணலி அளவு. நேரே மேலே உன் சமையலறை, அங்கே குழாய்தான் கசிகிறது என்று புரிந்துவிட்டது. நீ கொடுத்துப்போன சாவியை இதுவரை தொட்டதில்லை. ஒஃபேலியாவின் புருஷன் ராமிரோவைக் கூட்டிக்கொண்டு ஏறினேன். என்னால் ஏற முடியும், நீ நினைக்கிற அளவுக்கு நான் நொண்டியில்லை.

ராமிரோ குழாயைச் சரிசெய்தான். நான் உள்ளே நடந்து பார்த்தேன். அடப்பாவி, ஒரு பொருளையும் நகர்த்தவில்லையா நீ? கட்டிலில் விரிப்பு கலைந்தபடி. லொரைனின் மூக்குக்கண்ணாடி ஜன்னல் கட்டையில். தண்ணீர் குடித்த டம்ளர். கதவுக்குப் பக்கத்தில் உன் ஷூ, நாடா அவிழ்த்தபடியே. இதை விற்றுவிடு என்று என்னிடம் சொல்ல உனக்கு வாய் வந்தது, இதை எடுத்து வைக்க மட்டும் கை வரவில்லை.

நீ காசுக்காகத்தான் விற்கச் சொல்கிறாய் என்று இத்தனை நாள் மனசில் வைதுகொண்டிருந்தேன். இனி அப்படி வைய மாட்டேன். ஆனால் வீடு விஷயத்தில் இறங்கி வரமாட்டேன். அடுத்த ஊர் எது?

அல்டோனா

—

நியூ ஆர்லியன்ஸ்
22 மார்ச் 1996

அன்புள்ள அக்கா,

மாடியைப் பற்றி நீ எழுதினதைப் படித்தேன். குழாயைச் சரிசெய்ததற்கு ராமிரோவுக்கு நன்றி சொல்.

இந்த ஊர் வீடு உன் முழங்காலுக்கென்றே கட்டினது. ஒரே தளம், மர வீடு, வெள்ளம் வந்தால் நனையாமல் இருக்கச் செங்கல் தூண்கள் மேல் கொஞ்சம் தூக்கி வைத்திருக்கிறது. அகலம் ஓர் அறைதான். அறைக்குப் பின்னால் அறை, அதற்குப் பின்னால் அறை என்று நீளமாகப் போகும். நடைவழி என்று தனியாக இல்லை. முன் வாசலில் நின்று துப்பாக்கியால் சுட்டால் குண்டு எதிலும் படாமல் பின் வாசல் வழியே போய்விடும் என்பதால் துப்பாக்கி வீடு என்றே பெயர். கதவுகளைத் திறந்து வைத்தால் காற்று அள்ளிக்கொண்டு போகிறது. கூரை உயரம், புழுக்கம் தெரியாது. பனி வாரவே வேண்டாம்.

முன்பக்கத்து நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் தெருவில் போகிற ஒவ்வொருவரும் நலம் விசாரிக்கிறார்கள். நேற்று மட்டும் எனக்கு மூன்று பேர் சமையல் குறிப்பு சொன்னார்கள்.

புரூனோ

—

சிகாகோ
2 ஏப்ரல் 1996

புரூனோ,

நடைவழி இல்லையென்றால் சமையலறைக்கு எப்படிப் போவது? படுக்கையறை வழியாக. வீட்டுக்கு விருந்தாளி வந்து தூங்கினால்? அவர்கள் காலைத் தாண்டிக்கொண்டு. காப்பி போடுவதற்கு ஊரையே எழுப்ப வேண்டும். தள்ளுபடி.

உன் கடிதத்தில் ராமிரோவுக்கு நன்றி இருக்கிறது, கூரை உயரம் இருக்கிறது, காற்று இருக்கிறது. மாடியைப் பற்றி ஒரு வரி. படித்தேன், அவ்வளவுதான். நான் எழுதினது குழாயைப் பற்றி இல்லை என்று உனக்குத் தெரியும்.

லொரைன் படுத்த படுக்கையாக இருந்த கடைசி மாசங்களில் நீ எத்தனை தடவை எழுந்து நடந்தாய் என்று எனக்குத் தெரியும். கட்டிலிலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து கட்டில். அந்த நிலையிலும் ஒன்பது மணி அடித்தால் ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் நடந்தாய். மாடியில் இருக்கிறவர்கள் ஒன்பதுக்கு மேல் ஷூ போடக்கூடாது என்று அம்மா போட்ட சட்டம். அம்மா போய் எத்தனையோ வருஷத்துக்கு அப்புறமும் எனக்காக அதைக் காப்பாற்றினாய். வெறுங்காலோடு நடந்தாலும் தரைப்பலகை காட்டிக்கொடுத்துவிடும், அது உனக்குத் தெரியாது. நானும் கீழே முழித்துக்கொண்டுதான் கிடந்தேன்.

ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல். அங்கே ஹூஸ்டனில் உன் வீட்டுக்குக் கீழே மண்தான் இருக்கிறது. ஒன்பது மணிக்கு ஷூவை என்ன செய்கிறாய்?

பனி போய் மூன்று வாரம் ஆகிறது. நாற்காலி இன்னும் தெருவில் இருக்கிறது. பனி போனபின் நாற்காலி போட்டு இடம் பிடிப்பது தெரு நியாயம் இல்லை என்று எனக்கே தெரியும். இரண்டு பேர் திட்டிவிட்டுப் போனார்கள். போகட்டும்.

அல்டோனா

—

பாஸ்டன்
19 ஏப்ரல் 1996

அக்கா,

இந்த ஊரைப் பற்றி எழுதவே கூடாது என்று இருந்தேன். எழுதிவிடுகிறேன்.

இங்கே டார்செஸ்டர் பக்கம் மூன்றடுக்கு மர வீடுகள். ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று குடும்பம், பின்பக்கம் ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு தாழ்வாரம், அதில் துணி காய்கிறது. நம்முடையது செங்கல், இது மரம். நம்முடையது இரண்டு, இது மூன்று. மற்றபடி அண்ணன் தம்பி வீடுகள்தான். கீழே இருக்கிற அறைதான் மேலேயும்.

புதன்கிழமை அப்படி ஒரு வீட்டில் நடு அடுக்கில் நின்று சுவரில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே யாரோ நடந்தார்கள். முன் அறையிலிருந்து சமையலறைக்கு. பெண் நடை. குழாயைத் திறந்த சத்தம், மூடின சத்தம், திரும்பவும் நடை. படிக்கட்டில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கார அம்மாள், டியர்னி என்று பெயர், பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். "என்ன சார், நெஞ்சு வலியா? ஆளக் கூப்பிடவா?"

"இல்லம்மா. மேல யாரு?"

"என் மக. நர்ஸு, இப்பதான் வேலை முடிஞ்சு வந்தா. சத்தம் ரொம்ப இருக்கோ?"

"இல்ல. நல்லா இருக்கு" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்த வீட்டுக்குக் காப்பீடு கொடுக்கலாம் என்று எழுதிவிட்டேன். பின் தாழ்வாரத்தில் ஒரு கம்பம் கொஞ்சம் இற்றுப்போயிருந்தது, அதை மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில். கழற்றிவிடுகிறேன். ஹூஸ்டனில், தரையோடு தரையாக இருக்கிற வீட்டில், கீழே மண்ணைத் தவிர யாரும் இல்லாத இடத்தில், ஒன்பது ஆனதும் ஷூவைக் கழற்றிக் கதவோரம் வைத்துவிட்டு மெதுவாக நடக்கிறேன். இரண்டு வருஷமாக. யாரிடமும் சொன்னதில்லை.

அக்கா, அந்த மாடிக்கு என்னால் ஏற முடியாது. முயன்று பார்த்தேன். போன வருஷம் ஈஸ்டருக்கு உன்னிடம் சொல்லாமல் சிகாகோ வந்தேன். முன் கதவைத் திறந்து, உன் கதவைத் தாண்டி, படிக்கட்டில் பாதி வரை போனேன். அதற்கு மேல் முடியவில்லை. நீ உள்ளே ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தாய். திரும்பிப் போய்விட்டேன். வீடு இடிந்துவிட்டால் அந்த அறையும் போய்விடும், அப்புறம் ஏறுவதா வேண்டாமா என்ற கேள்வியே இருக்காது என்று நினைத்தேன். காரணம் அதுதான். உன் முழங்காலைச் சாக்காக வைத்துக்கொண்டேன்.

உனக்கு விருப்பமில்லை என்றால் கீட்டிங்கிடம் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஆனால் நான் அங்கே வந்து இருப்பேன் என்று மட்டும் எதிர்பார்க்காதே.

புரூனோ

—

சிகாகோ
5 மே 1996

புரூனோ,

ஈஸ்டருக்கு வந்தவன் கதவைத் தட்டாமல் போனாயே, உன்னை என்ன செய்யலாம்? அன்றைக்குக் குகெலிஸ் செய்திருந்தேன். உருளைக்கிழங்கு முழுவதையும் துருவி, பன்றிக்கறி போட்டு, ஓரம் முறுகலாக, உனக்குப் பிடித்த மாதிரியே. தனியாக உட்கார்ந்து நாலு நாள் தின்றேன்.

சரி, இப்போது நான் சொல்வதைக் கேள். முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன், அதனால் வேண்டாம் என்று பதில் போட்டுப் பிரயோசனம் இல்லை.

நான் மாடிக்கு மாறிவிட்டேன்.

ராமிரோவும் அவன் மச்சான்கள் இரண்டு பேரும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் என் சாமான் எல்லாவற்றையும் மேலே ஏற்றிவிட்டார்கள். ஒஃபேலியா படியிலேயே நின்று சண்டை போட்டாள். "முட்டி போன வயசுல யாராவது மேல ஏறிப் போவாங்களா? உங்களுக்குப் பைத்தியமா?" காலையில் ஒரு தடவை இறங்குவேன், சாயந்திரம் ஒரு தடவை ஏறுவேன், அதற்கு மேல் எனக்கு வெளியே என்ன வேலை என்றேன். டாக்டரே நடக்கச் சொல்கிறார்.

லொரைனின் கண்ணாடி, துணிமணி, ஜெபமாலை எல்லாம் ஒரு பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. எதையும் எறியவில்லை. கேட்கும்போது தருகிறேன், கேட்காவிட்டால் என்னிடமே இருக்கட்டும். அவள் தைத்த மஞ்சள் திரைச்சீலையை மட்டும் துவைத்து மறுபடி மாட்டினேன், எனக்கு அது பிடித்திருக்கிறது. அந்தக் கட்டில் இருந்த அறையில்தான் இப்போது நான் படுக்கிறேன். வேண்டுமென்றுதான் அங்கே படுத்தேன். இனிமேல் அது லொரைன் இறந்துபோன அறை இல்லை, உன் அக்கா குறட்டை விடுகிற அறை. முதல் நாள் கொஞ்சம் அழுதேன். அவள் எனக்கும் சொந்தந்தானே, புரூனோ.

கீழ்த்தளம் உனக்கு. சுவரெல்லாம் வெள்ளையடித்தாயிற்று. உன் கட்டிலைப் பின் அறையில் போடவில்லை, வெயில் வருகிற முன் அறையில் போட்டிருக்கிறேன். நீ மாடிப் படிக்கட்டில் ஒரு படிகூட ஏற வேண்டாம். உன் ஷூவைக் கீழே கொண்டுவந்து கதவோரம் வைத்திருக்கிறேன்.

இத்தனை ஊர் வீடும் பார்த்து எழுதினாய். எதிலும் குறை சொன்னேன். உண்மையில் அவை எல்லாம் நல்ல வீடுகளாகத்தான் இருக்க வேண்டும், அவற்றில் ஜனங்கள் இருக்கிறார்களே. ஃபிலடெல்ஃபியாக்காரிக்கு அது சரி. நமக்கு மேலே ஒருத்தர், கீழே ஒருத்தர் என்றால்தான் வீடு. எனக்கு மேலே ஆள் வேண்டும் என்று இரண்டு வருஷம் புலம்பினேன். உன்னால் மேலே வர முடியாது, சரி. நான் மேலே போகலாமே என்று தோன்ற எனக்கு இத்தனை நாள் ஆயிற்று.

கீட்டிங்கின் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். நிஜக் கையெழுத்து, விளையாட்டு இல்லை. வந்து கீழே ஒரு வாரம் தூங்கிப் பார். அப்புறமும் இடித்தால்தான் உனக்கு நிம்மதி என்றால் காகிதத்தை நீயே அவரிடம் கொடு, நான் ஒரு வார்த்தை பேசாமல் நீ சொல்கிற ஊருக்கு வருகிறேன். துப்பாக்கி வீடாக இருந்தாலும் சரி.

அல்டோனா

பின்குறிப்பு: மேலே இருப்பவளுக்கும் அம்மா போட்ட சட்டம் உண்டல்லவா. ஒன்பது மணிக்கு ஷூவைக் கழற்றிவிடுகிறேன். கம்பளிக் காலுறையில் பூனை மாதிரி நடக்கிறேன். உன் தூக்கத்துக்கு ஒரு தொந்தரவும் இருக்காது.

—

ஹூஸ்டன்
13 மே 1996

அன்புள்ள அக்கா,

கீட்டிங்குக்குப் போன் செய்து வீடு விற்பதற்கில்லை என்று சொல்லிவிட்டேன். "என்ன சார், திடீர்னு?" என்றார். மேலே ஆள் வந்துவிட்டது என்றேன்.

உன்னைத் திட்டுவதற்கு இரண்டு நாளாக வார்த்தை தேடுகிறேன். அந்தப் படிக்கட்டுக்கு ஒரு பக்கம்தான் கைப்பிடி இருக்கிறது, அதுவும் ஆடும். நான் வந்து இரண்டு பக்கமும் புதிதாக மாட்டும்வரை தனியாக இறங்காதே. ராமிரோவையோ ஒஃபேலியாவையோ கூப்பிடு. வீடு பார்க்கிற நிபுணனாகச் சொல்கிறேன், தம்பியாகவும் சொல்கிறேன்.

சிகாகோ கிளையில் பழைய வீடு தெரிந்த ஆள் தேவை என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். சாமான் அதிகம் இல்லை, காரிலேயே அடங்கிவிடும். சனிக்கிழமை சாயந்திரத்துக்குள் வந்துவிடுவேன். அதற்குள் தெருவில் இருக்கிற நாற்காலியை உள்ளே எடுத்து வை, இல்லாவிட்டால் காரை எங்கே நிறுத்துவது?

இன்னொன்று. கம்பளிக் காலுறை வேண்டாம். நான் கீழே படுத்திருப்பேன், மேலே நீ நடப்பது எனக்குக் கேட்க வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் ஷூவைக் கழற்றாதே.

புரூனோ